பெயர் சொல்லாமல் ஒருவரைப் பாட்டில் பாராட்டுவது எப்படி?

உப்பளக்காற்று:

வணக்கம் நண்பர்களே. வேதாரண்யம் பக்கம் ஒரு கிராமம். எங்கள் துணை சுகாதார நிலையத்தில் பல வருடமாக இருக்கும் கிராம சுகாதார செவிலியர் அடுத்த மாதம் ஓய்வு பெறுகிறார். ஊருக்கே அவர் நர்சம்மா. கர்ப்பிணிக்குப் பிக்மி நம்பர் (கர்ப்பத்தைப் பதிவு செய்யும் அரசு எண்) வாங்கிக் கொடுப்பதிலிருந்து மகப்பேறு நிதிக்கு வங்கிக் கணக்கு திறக்கக் கூடவே போவது வரை எல்லாம் அவர்தான். சம்பளத்துக்கான வேலை எது, தானாக இழுத்துப் போட்டுக்கொண்டது எது என்று எங்களுக்கே பிரித்துச் சொல்லத் தெரியாது.

விழா எடுக்கலாம் என்று போய்க் கேட்டோம். பொன்னாடை வேண்டாம், ஃபிளெக்ஸ் வேண்டாம் என்றார். பிள்ளைகள் ஒரு பாட்டு பாடட்டும் என்று கெஞ்சினோம். "பாடுங்க, ஆனா என் பேரு அதுல வரக்கூடாது" என்று சொல்லிவிட்டார்.

எனக்கு ஆர்மோனியம் கொஞ்சம் வரும். பஜனை கோஷ்டியில் வாசிப்பேன். மோகனத்தில் இப்படி ஆரம்பித்திருக்கிறேன்:

தாயினும் சிறந்த தயாபரியே
தரணி போற்றும் குணநிதியே
சேவையின் சிகரமே செல்வமே
தெய்வம் மண்ணில் வந்ததுவே

பெயர் இல்லாமல் இது நிற்குமா? ராகம், தாளம், சொல் எதை வேண்டுமானாலும் குறை சொல்லுங்கள்.

கச்சேரிப்பித்தன்:

நல்ல காரியம். ஆனால் ஒன்று யோசியுங்கள். நம் சங்கீதத்தில் மனிதரைப் பாடுவதை நரஸ்துதி என்று ஒதுக்கி வைத்திருக்கிறார்கள். தியாகராஜர் சரபோஜி மன்னரின் அழைப்பை மறுத்துக் கல்யாணியில் "நிதி சால சுகமா" பாடினார் என்பது எல்லாரும் அறிந்த கதை. நரஸ்துதி சுகமா என்று அதிலேயே கேட்கிறார். அந்த அம்மாவும் பெயர் வேண்டாம் என்கிறார். பேசாமல் ஊர் மாரியம்மன் மேல் ஒரு பாட்டு எழுதி, விழாவில் பாடி, அவருக்குச் சமர்ப்பணம் என்று சொல்லிவிடலாமே?

மாயவரத்தார்:

பித்தன் சார், கொஞ்சம் பொறுங்கள். தமிழ்க் கீர்த்தனைக்காரர் ஒருவர் மனிதரைப் பாடியது எங்கள் ஊர்க் கதை. சொல்லியே ஆக வேண்டும்.

1876 முதல் 1878 வரை தாது வருஷப் பஞ்சம். மாயூரத்தில் முன்சீப்பாக இருந்து ஓய்வு பெற்ற வேதநாயகம் பிள்ளை தன் சொத்தை எடுத்துப் பஞ்சத்தில் அடிபட்டவர்களுக்குக் கொடுத்தார். அதைக் கண்ணால் பார்த்தவர் நந்தனார் சரித்திரம் எழுதிய கோபாலகிருஷ்ண பாரதியார். அதே ஊரில்தானே இருந்தார்! "நீயே புருஷ மேரு" என்று பிள்ளையவர்கள்மேல் ஒரு கீர்த்தனை பாடினார். பாடியவர் சிவபக்தர். பாடப்பட்டவர் கிறிஸ்தவர். கோயில், ராஜா, சன்மானம் எதுவும் நடுவில் இல்லை. கஞ்சி ஊற்றிய கை இருந்தது, அதைப் பார்த்த ஒரு கவிஞர் இருந்தார், அவ்வளவுதான்.

பிள்ளையவர்களும் சும்மா இருந்தவர் இல்லை. அதே பஞ்சத்தைப் பற்றி அவரே கடவுளிடம் முறையிட்டுக் கீர்த்தனைகள் எழுதியிருக்கிறார். தமிழின் முதல் நாவலான பிரதாப முதலியார் சரித்திரம் பஞ்சம் ஓய்ந்த கையோடு 1879இல் வருகிறது. பள்ளிக்கூடத்தில் அந்த ஒரு வரியோடு அவரை முடித்துவிடுகிறார்கள். எனக்கு இதில் பெரிய வருத்தம் உண்டு, ஆனால் அது வேறு இழைக்கான விஷயம்.

கச்சேரிப்பித்தன்:

இதை எதிர்பார்க்கவில்லை, நன்றி. ஆனாலும் கேட்கிறேன். அந்தக் காலத்தில் புலவர்கள் பிரபுக்களைப் பாடுவது வழக்கம்தானே? மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளைகூட இதே வேதநாயகம் பிள்ளைமேல் குளத்தூர்க் கோவை பாடியிருக்கிறார். அதிலிருந்து இது எப்படி வேறு?

மாயவரத்தார்:

சரியான கேள்வி. கோவை என்பது வரையறுத்த சிற்றிலக்கிய வடிவம். பாட்டுடைத் தலைவன் பெயர் உள்ளே வரும். ஆனால் நடப்பதெல்லாம் யாரோ ஒரு தலைவன் தலைவியின் காதல். குளத்தூர்ப் பெயரை எடுத்துவிட்டு வேறு ஊரை வைத்தாலும் இலக்கணம் கெடாது. கீர்த்தனை அப்படி இல்லை. பஞ்சம் நடந்தது, ஒருவர் கொடுத்தார், அதனால் பாட்டு பிறந்தது. காரணத்தை எடுத்துவிட்டால் பாட்டே இல்லை. தியாகராஜர் வேண்டாம் என்றது பணத்துக்குப் பாடுவதை. மனிதரை வணங்கக் கூடாது என்று அவர் எங்கே சொன்னார்? "எந்தரோ மகானுபாவுலு" முழுக்க மனிதர்களுக்கும் சேர்த்துப் போட்ட கும்பிடுதானே.

டேப்புச்சத்தம்:

வட சென்னையிலிருந்து எழுதுகிறேன். கானா பாடுகிற ஆள். பெரியவர்கள் கீர்த்தனை பேசுகிறீர்கள், நான் சாவு வீட்டுப் பாட்டு பேசுகிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

உப்பளக்காற்று அண்ணே, உங்கள் நாலு வரியை நாளைக்கு ஒரு கவுன்சிலருக்கும் பாடலாம், சாமியாருக்கும் பாடலாம், நகைக்கடை முதலாளிக்கும் பாடலாம். குணநிதி, சிகரம், செல்வம் எல்லாம் ரெடிமேட் சட்டை, யாருக்கும் மாட்டும். நாங்கள் ராத்திரி முழுக்கப் பாடும்போது அப்படிப் பாடினால் பாதியிலேயே எழுந்து போய்விடுவார்கள். போனதும் முதலில் வீட்டு ஆளைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்போம். எந்த டீக்கடையில் உட்காருவார், என்ன வண்டி வைத்திருந்தார், யாருக்குக் காலேஜ் ஃபீஸ் கட்டினார், எதுக்குத் திட்டுவார். அதை வைத்து அங்கேயே கட்டுவோம். தெருவே அடையாளம் கண்டுபிடித்து அழும், சில இடத்தில் சிரிக்கும். பேரை வாயால் சொல்லவே தேவைப்படாது.

நர்சம்மா என்ன வண்டி ஓட்டுவார்? பையில் என்ன இருக்கும்? பிள்ளைகளை எப்படிக் கூப்பிடுவார்? அதைச் சொல்லுங்கள், மெட்டு தானாக வரும்.

கந்தர்மடத்தான்:

யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு குறிப்பு. எங்கட பக்கம் ஒருவர் இறந்தால் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்குக் 'கல்வெட்டு' என்று ஒரு சிறு புத்தகம் அச்சடித்துக் கொடுக்கிற வழக்கம் உண்டு. அவரின் பிறப்பு, கல்வி, குடும்பம், செய்த தொண்டு எல்லாம் செய்யுளில் இருக்கும். என் மாமா இதுகள் நிறைய எழுதிக் கொடுத்தவர். வீட்டுக்காரர் வந்து "நல்ல மனிசர், எல்லாருக்கும் உதவினவர்" என்று மட்டும் சொன்னால் அவருக்குக் கோபம் வரும். யாருக்கு, எப்ப, என்ன உதவி என்று சொல்லும்வரை பேனையைத் தொட மாட்டார். டேப்புச்சத்தம் சொல்வதும் அதுதான் என்று நினைக்கிறேன்.

இன்னொன்று. இதுகளை எல்லாம் ஆள் போன பிறகுதான் செய்கிறோம். அந்த அம்மா இருந்து கேட்கப் போகிறார். அதுக்கேற்ற மாதிரி எழுதுங்கோ. கொஞ்சம் பகிடியும் இருக்கட்டும். எதிரே உட்கார வைத்து ஒரேயடியாகப் புகழ்ந்தால் மனிசர் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் தவித்துப்போவார்.

நேர்கோடு:

எல்லாரும் சேர்ந்து என்னைத் திட்டப் போகிறீர்கள், பரவாயில்லை. கொரோனா காலத்தில் பால்கனியில் நின்று தட்டு தட்டினோம். தட்டு வாங்கியவர்களுக்கு முகக்கவசம் போதவில்லை. ஒப்பந்தச் செவிலியர்கள் பணி நிரந்தரம் கேட்டு இன்றைக்கும் போராடுகிறார்கள். உதவி செய்கிறவர்களைப் பாடுவது நமக்குச் சுலபம், நம் மனசுக்கு இதம். அந்தத் துணை சுகாதார நிலையத்தில் கரண்ட் போனால் இன்வெர்ட்டர் இருக்கிறதா? ஒலிபெருக்கி வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் ஆகும் காசை அதில் போடுங்கள். பாட்டு பிறகு பார்க்கலாம்.

டேப்புச்சத்தம்:

இன்வெர்ட்டரும் வாங்கட்டும், பாட்டும் பாடட்டும் தலைவா. ரெண்டுக்கும் ஒரே உண்டியல்தானா?

நேர்கோடு:

பல ஊரில் ஒரே உண்டியல்தான். பாட்டு முடிந்ததும் உண்டியலை மூடிவிடுவார்கள். அதுதான் என் கவலை.

கம்பத்துக்காரன்:

நேர்கோடு சொல்வதில் நியாயம் இருக்கிறது. பாட்டில் வேறொரு ஆபத்தும் இருக்கிறது.

எங்கள் பக்கம் முல்லைப் பெரியாறு அணையைக் கட்டிய பொறியாளர் பென்னிகுவிக் என்றால் சாமி மாதிரி. ஜனவரி 15 அவர் பிறந்தநாள், பொங்கலோடு சேர்த்துப் பொங்கல் வைக்கிறோம். லோயர் கேம்ப்பில் 2013இல் மணிமண்டபம் திறந்தார்கள். பிள்ளைகளுக்கு அவர் பெயரை வைத்தவர்கள் தேனி மாவட்டத்தில் நிறைய. முல்லைப் பெரியாறு அணை 1887இல் தொடங்கி 1895இல் முடிந்தது. வெள்ளமும் காய்ச்சலும் எத்தனையோ தொழிலாளரைக் கொண்டுபோயின. இவ்வளவும் உண்மை, பாடத் தகுந்த உண்மை. ஆனால் மேடையில் ஏறுகிற ஒவ்வொரு பாட்டும் இங்கிலாந்தில் இருந்த சொத்தை விற்று அணை கட்டினார் என்ற கதையைத்தான் பிடித்துக்கொள்கிறது. அணைக்குச் செலவு செய்தது சென்னை மாகாண அரசு. சொத்தை விற்றதற்கு ஆவணம் இல்லை என்று ஆய்வாளர்கள் சொல்லிக்கொண்டே இருக்கிறார்கள். யாரும் கேட்பதாக இல்லை, ஏனென்றால் பாட்டில் ஏறிவிட்டது. அணைக்கட்டில் செத்த கூலியாட்களைப் பற்றி அந்தப் பாட்டுகளில் ஒரு வரி தேடிப் பாருங்கள்.

அதனால், நர்சம்மா செய்யாத ஒன்றை எழுதிவிடாதீர்கள். சந்தத்துக்காகக்கூட வேண்டாம்.

பித்தளைக்கொம்பு:

பெயரில்லாமல் பாராட்டுவதற்கு மேற்கில் ஒரு நல்ல உதாரணம் உண்டு. இரண்டாம் உலகப்போர் நேரத்தில், 1942இல், சின்சினாட்டி இசைக்குழுவின் நடத்துநர் யூஜின் கூசன்ஸ் பல இசையமைப்பாளர்களிடம் கச்சேரித் தொடக்கத்தில் வாசிக்க ஆளுக்கொரு சிறிய முழக்கம் கேட்டார். பதினெட்டு வந்தன. பலர் ஏதாவது ஒரு படைப்பிரிவுக்கோ நேச நாட்டு வீரர்களுக்கோ எழுதினார்கள். ஏரன் காப்லாண்ட் மட்டும் "சாமானிய மனிதனுக்கு" என்று தலைப்பு வைத்தார். கூசன்ஸுக்கு அந்தத் தலைப்பு பிடித்துப்போய், வருமான வரி கட்டும் நேரத்தில் வாசித்தால் பொருத்தம் என்றார். 1943 மார்ச் 12 அன்று அப்படியே அரங்கேறியது.

பாட்டு வரிகள் கிடையாது. கொம்பும் டிரம்பெட்டும் டிராம்போனும் டியூபாவும், கூடத் தாளக் கருவிகள். வயலின் ஒன்றுகூட இல்லை. முதலில் பெரிய முரசும் டிம்பனியும் இடிக்கின்றன, பிறகு டிரம்பெட் தனியாக ஏறுகிறது. மூன்று நிமிடச் சொச்சம். பதினெட்டில் உலகம் முழுக்க நிலைத்தது அந்த ஒன்றுதான்.

உங்கள் ஊரில் நாதஸ்வரம், தவில் இருக்குமே? தொடக்கத்தில் வார்த்தை இல்லாமல் ஒரு நிமிடம் மல்லாரி மாதிரி விட்டுப் பாருங்கள்.

கச்சேரிப்பித்தன்:

மல்லாரி சாமி புறப்பாட்டுக்கு உரியது. கம்பீர நாட்டையில் ஒரு சின்ன உருப்படி வாசிக்கச் சொல்லலாம். (நான் எப்படியும் எதையாவது தடுக்காமல் இருக்க மாட்டேன் போலிருக்கிறது.)

பெயர் இல்லாமல் என்றதும் புறநானூறு 182 ஞாபகம் வந்தது. இந்த உலகம் ஏன் இன்னும் இருக்கிறது என்று கேட்டு, "தமக்கென முயலா நோன்தாள், பிறர்க்கென முயலுநர் உண்மையானே" என்று முடிகிற பாட்டு. இத்தனைக்கும் எழுதியது கடலுள் மாய்ந்த இளம்பெருவழுதி, பெயரிலேயே பாண்டிய அரச குலம் தெரிகிறது. பாரிக்கும் பேகனுக்கும் அதியமானுக்கும் பெயர் சொல்லிப் பாட்டு இருக்கிற அதே தொகுப்பில், பெயரே இல்லாதவர்களுக்கு இந்த ஒரு பாட்டு. தொகையறாவாக, அதாவது பாட்டுக்கு முன்னால் தாளமில்லாமல் பாடும் முன்னுரையாக, அந்தக் கடைசி இரண்டு அடியை விருத்தம் பாடலாம். சகானா நன்றாக நிற்கும்.

உப்பளக்காற்று:

எல்லாருக்கும் நன்றி. டேப்புச்சத்தம் தம்பி கேட்டதை வீடு வீடாகப் போய்க் கேட்டேன். ஆளாளுக்கு ஒரு கதை. பொதுவாக வந்தவை: புதன்கிழமை தடுப்பூசி நாள், பூவரச மரத்தடி, தோளில் மாட்டிய நீல நிறத் தடுப்பூசிப் பெட்டி. பிள்ளைகள் அந்தப் பெட்டியைக் கண்டால் ஓடி ஒளிவார்கள். 2018 நவம்பர் 16, கஜா புயல் கரையேறிய ராத்திரி, ஊர் முழுக்கப் பள்ளிக்கூடத்தில் அடைந்திருந்தபோது அங்கேயே ஒரு பிரசவம் பார்த்தார். அந்தப் பிள்ளைதான் இப்போது கோரஸில் முதல் வரிசையில் நிற்கப்போகிறான். கம்பத்துக்காரர் சொன்னதால் அவன் அம்மாவிடமே போய்ச் சரிபார்த்துக்கொண்டேன்.

மோகனத்தையே வைத்துக்கொண்டு கும்மி மாதிரித் திஸ்ர நடையில் (மூன்று மூன்றாக எண்ணும் நடை) புதிதாக எழுதியிருக்கிறேன்:

புதன்கிழமை காலையிலே பூவரச நிழலிலே
நீலப்பெட்டி வந்திறங்குது – கண்ட
நண்டுசிண்டு எல்லாம் ஓடி ஒளியுது

ஊசி போட்ட எடத்துமேல ஊதிஊதி விடுவாங்க
ஒண்ணுமில்ல கண்ணும்பாங்க – அழுத
கண்ணத் தொடச்சுக் கையில் தூக்கிக்குவாங்க

கஜாப் புயல் அடிச்ச ராவு கரண்டு போன ராவிலே
பள்ளிக்கூட அறையிலொரு சத்தம் – அது
காத்து இல்லடா பச்சப்புள்ள சத்தம்

வெள்ளைச்சேலை:

நானும் அதே வேலைதான், வேறு மாவட்டம். இத்தனை நாள் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். மூன்றாவது கண்ணியைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் போனைக் கீழே வைத்துவிட்டேன்.

ஆனால் அண்ணா, ஊசி போட்ட இடத்தில் ஊதக் கூடாது, தேய்க்கவும் கூடாது. நாங்கள் தாய்மார்களுக்குச் சொல்லிச் சொல்லி வாய் வலிக்கிறது, நீங்கள் அதையே பாட்டாக்கிப் பிள்ளைகளைப் பாட வைக்கிறீர்கள்! நர்சம்மா விழா மேடையிலேயே திட்டுவார். ஊசி போட்டபின் அரை மணி நேரம் உட்கார வைப்போம், காய்ச்சல் வந்தால் கொடுக்க மாத்திரையைக் கால், அரை என்று கணக்குச் சொல்லிக் கொடுத்தனுப்புவோம். அதை எழுதுங்கள்.

நேர்கோடு சார் கேட்ட இன்வெர்ட்டர் விஷயம் உண்மை. ஆனால் பாட்டு வேண்டாம் என்று எங்களில் யாரும் சொல்ல மாட்டோம். ஓய்வு பெறும் நாளில் எங்களுக்குக் கிடைப்பது பெரும்பாலும் ஒரு கைக்கடிகாரமும் அவசர அவசரமாக ஒரு குரூப் போட்டோவும்.

உப்பளக்காற்று:

மாற்றிவிட்டேன் சகோதரி:

ஊசி போட்டு அரைமணிதான் உக்காரச் சொல்லுவாங்க
ஓடிப் போனா விடமாட்டாங்க – ராவு
காய்ச்சல் வந்தா கால்மாத்திரை கணக்காங்க

டேப்புச்சத்தம்:

"கால்மாத்திரை கணக்காங்க"! இதை எந்தக் கவுன்சிலருக்கும் பாட முடியாது. பாஸ்.

சுருதிப்பெட்டி:

பாடுவதைப் பற்றியும் யாராவது பேசுங்கள் என்று காத்திருந்து அலுத்துவிட்டேன், நானே பேசுகிறேன்.

பிள்ளைகளும் பெண்களும் 5 கட்டைச் சுருதியில் சௌகரியமாகப் பாடுவார்கள், உங்கள் பஜனை கோஷ்டி ஆண்கள் 1 கட்டை ஆசாமிகளாக இருப்பார்கள். சேர்த்துவிட்டால் ஒரு பக்கம் கத்தும், மறுபக்கம் முனகும். நடுவாக 3 கட்டை வையுங்கள். மெட்டு மத்திய ஸ்தாயியில் ஸ முதல் த வரைக்குள் சுற்றட்டும். மேல் ஷட்ஜத்தை ஒரே ஒரு இடத்துக்கு மிச்சம் வையுங்கள்: "பச்சப்புள்ள சத்தம்". அதற்கு முந்தைய அடியில், "ஒரு சத்தம்" என்ற இடத்தில், தாளத்தை நிறுத்தி ஒரு ஆவர்த்தனம் (ஒரு தாளச் சுற்று) மௌனம் விடுங்கள். பிறகு எல்லாரும் சேர்ந்து மேலே போகட்டும்.

"உக்காரச் சொல்லுவாங்க" அடியில் ஒரு அட்சரம் தள்ளுகிறது. "சொல்லு" என்பதைக் குறுக்கிப் பாடினால் சரியாகிவிடும், வார்த்தையை மாற்ற வேண்டாம்.

சினிமா மெட்டைப் போட்டுவிடலாம் என்று கோஷ்டியில் யாராவது சொல்வார்கள். விழாவில் பாடுவதோடு முடிந்தால் யாரும் கேட்கப்போவதில்லை. வீடியோவை யூடியூபில் ஏற்றினால் காப்புரிமைக் கோரிக்கை வந்து நிற்கும். சொந்த மெட்டு இருக்கும்போது அந்த வம்பு எதற்கு?

மாயவரத்தார்:

வேதாரண்யம் என்று முதல் வரியிலேயே சொன்னீர்கள், யாரும் அதைத் தொடவில்லையே!

1930 ஏப்ரலில் ராஜாஜி தலைமையில் திருச்சியிலிருந்து உங்கள் ஊருக்கு உப்பெடுக்க நடந்து வந்தார்கள். அந்த நடைக்குத்தான் நாமக்கல் கவிஞர் "கத்தியின்றி ரத்தமின்றி" எழுதிக் கொடுத்தார். கவனித்துப் பாருங்கள், அந்தப் புகழ்பெற்ற அடிகளில் ராஜாஜி பெயர் கிடையாது. யார் வேண்டுமானாலும் வரிசையில் சேர்ந்து பாடலாம்.

நடந்தவர்களுக்குச் சோறோ தங்க இடமோ கொடுத்தால் தண்டனை என்று தஞ்சாவூர் கலெக்டர் தார்ன் உத்தரவு போட்டார். ஜனங்கள் என்ன செய்தார்கள்? சோற்றைப் பொட்டலமாகக் கட்டி வழியில் மரக்கிளைகளில் தொங்கவிட்டுப் போனார்கள். கொடுத்த ஆள் யாரென்று போலீஸுக்கும் தெரியாது, சாப்பிட்டவருக்கும் தெரியாது. நடந்தவர்களுக்குப் பாட்டு இருக்கிறது. பொட்டலம் கட்டியவர்களுக்கு யார் எழுதினார்? உப்பளக்காற்று, உங்கள் தொகையறாவுக்கு இதைவிடப் பொருத்தமாக வேறென்ன வேண்டும்? நர்சம்மா பெயர் வேண்டாம் என்றது அந்த மண்ணின் பழக்கம் என்று நான் அடித்துச் சொல்வேன்.

கச்சேரிப்பித்தன்:

சகானா விருத்தத்தை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். மரக்கிளைப் பொட்டலத்தையே பாடுங்கள். ராகம் நீங்களே பாருங்கள்.

நேர்கோடு:

பாட்டு நன்றாக வந்திருக்கிறது, ஒத்துக்கொள்கிறேன். இன்வெர்ட்டர் என்ன ஆச்சு?

உப்பளக்காற்று:

நேர்கோடு சார், நேற்றுக் கூட்டத்தில் அதையும் பேசினோம். பந்தலைக் கைவிட்டுவிட்டோம். பூவரச மரத்தடியிலேயே, புதன்கிழமை, தடுப்பூசி முடிந்த பிறகு பாடப்போகிறோம். மிச்சமாகும் பணத்தோடு வெளிநாட்டில் இருக்கும் ஊர்க்காரர்கள் சிலரும் சேர்ந்து தருகிறார்கள். ஆனால் அரசுக் கட்டடத்தில் நாங்களாகப் போய் இன்வெர்ட்டர் மாட்ட முடியாதாம், வட்டார மருத்துவ அலுவலரிடம் எழுத்தில் அனுமதி வாங்க வேண்டுமாம். மனு எழுதிக்கொண்டிருக்கிறோம். வெள்ளைச்சேலை சகோதரி, இது மாதிரி நன்கொடைக்கு மனுவில் என்னென்ன குறிப்பிட வேண்டும் என்று தெரிந்தால் சொல்லுங்கள்.

சுருதிப்பெட்டி ஐயா, 3 கட்டை பிள்ளைகளுக்குக் கொஞ்சம் கீழே போகிறது, 4 கட்டை வைத்துப் பார்க்கிறோம். பொட்டலத்தைப் பற்றி இரண்டு அடி எழுதிவிட்டு நாளை போடுகிறேன். எங்கள் தவில்காரர் அன்றைக்கு வேறு ஊர்க் கல்யாணத்துக்குப் போகிறார். திருத்துறைப்பூண்டி, நாகப்பட்டினம் பக்கம் புதன்கிழமை காலை வரக்கூடிய தவில்காரர் யாராவது தெரியுமா?